லேசான வேலை

பொங்கலுக்கு வந்திருந்த சித்தி மகள் ராத்திரி இரண்டு மணிக்குப் பாயில் எழுந்து உட்கார்ந்து வலது கையை உதறிக்கொண்டிருந்தாள். பழைய பாதரசத் தெர்மாமீட்டரை உதறுவார்களே, அப்படி. பூரான் ஏதும் ஏறிவிட்டதோ என்று எழுந்து விளக்கைப் போட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணா. கை மரத்துப்போச்சு. நாலு உதறு உதறினா சரியாயிடும்."

"எல்லா விரலுமா?"

ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். "சுண்டு விரல் நல்லாத்தான் இருக்கு. மத்ததெல்லாம்தான்."

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கார்களுக்கான வயரிங் ஹார்னஸ் தயாராகும் லைனில் மூன்று வருடமாக வேலை செய்கிறாள். ஒயர்களைக் கற்றையாகச் சேர்த்து, முனைகளில் பிளாஸ்டிக் கனெக்டர்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பொருத்த வேண்டும். 'டக்' என்று உட்கார்ந்தால் அடுத்தது. என்ன வேலை என்று யாராவது கேட்டால் சித்திதான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள்: "லேசான வேலைதான். நின்ன இடத்துல ஒயர் சொருகுறது. வெயில்ல வேகணுமா, மூட்டை தூக்கணுமா?"

சித்தி நாற்று நட்டவள், களை எடுத்தவள். அவள் கணக்கில் இது லேசுதான். ஆனால் அந்த லேசான வேலை இருபத்து நான்கு வயதுப் பெண்ணை நடு ராத்திரியில் எழுப்பி உட்கார வைக்கிறதே, எப்படி? அதுவும் சுண்டு விரலை மட்டும் விட்டுவிட்டு?

இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, பிடித்துக்கொள்ளுங்கள். வலது கை விரல்களால் மேசையில் தாளம் போடுங்கள். விரல் ஆடுவது அங்கே, சதை புரளுவது இங்கே. ஒரு கையில் 27 எலும்புகள் உண்டு. அவற்றில் 14 விரல்களில் இருக்கின்றன. அந்த 14 எலும்புகளை அசைக்கும் தசை ஒன்றுகூட விரல்களுக்குள் இல்லை. நுணுக்கமான அசைவுகளுக்கான சிறு தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. இறுகப் பிடிக்கும் பலம் வேண்டுமென்றால் அது முன்கையிலிருந்துதான் வர வேண்டும். விரல்களிலேயே தசை இருந்திருந்தால் ஒவ்வொரு விரலும் வாழைக்காய் பருமன் இருந்திருக்கும். ஊசியில் நூல் கோக்க முடியாது. எஞ்சினைத் தொலைவில் வைத்துவிட்டு, அங்கிருந்து கயிறு கட்டி இழுக்கிற ஏற்பாடு இது. அந்தக் கயிறுகளின் பெயர் தசைநாண்.

முன்கையிலிருந்து கிளம்பும் கயிறுகள் விரலுக்குப் போகும் வழியில் மணிக்கட்டைக் கடக்க வேண்டும். அங்கே எட்டுச் சிறு எலும்புகள் வில்லாக வளைந்து நிற்கின்றன. அந்த வில்லின் மேல் நாண் பூட்டியதுபோல் ஒரு தடித்த தசைநார்ப் பட்டை. இரண்டுக்கும் நடுவில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வழி. மருத்துவர்கள் கார்பல் டனல் என்பது இதைத்தான். இந்த வழியில் ஒன்பது தசைநாண்கள் போகின்றன: நான்கு விரல்களுக்கும் இரண்டிரண்டு, கட்டைவிரலுக்கு ஒன்று. அவற்றோடு ஒட்டிக்கொண்டு பத்தாவது பயணியாக ஒரு நரம்பு. ஒன்பது கயிறுகள், ஒரே ஒரு மென்மையான ஆள். பட்டை விரிந்து கொடுக்காது, எலும்பும் நகராது. கயிறுகளின் உறை கொஞ்சம் வீங்கினாலும் அடி வாங்குவது நரம்புதான்.

அந்த நரம்புதான் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்ச்சியைச் சுமந்து செல்வது. சுண்டு விரலுக்குப் போகும் நரம்பு இந்த நெரிசலுக்குள் வருவதே இல்லை. அது முழங்கையின் பின்புறமாக வந்து, மணிக்கட்டில் பட்டைக்கு வெளியே ஒதுங்கிப் போய்விடுகிறது. முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரைக்கும் 'ஜிவ்'வென்று ஏறுமே, அந்த நரம்பு. சித்தி மகளின் சுண்டு விரல் தப்பித்தது வேறு பாதையில் போனதால்தான்.

1981இல் ரிச்சர்ட் கெல்பெர்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய குழுவும் கார்பல் டனலுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். நரம்பு நசுங்கும் இந்த நோய் இல்லாதவர்கள் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும்போது சராசரியாக 2.5 மில்லிமீட்டர் பாதரச அளவு. நோயாளிகளுக்கு 32. மணிக்கட்டை முழுக்க மடக்கச் சொன்னபோது நோயில்லாதவர்களுக்கே 30ஐத் தாண்டியது. நோயாளிகளுக்கு 90க்கு மேல் போனது. இரத்த அழுத்தம் பார்ப்பவர்களுக்கு இந்த எண்களின் அருமை தெரியும். நரம்பைப் போஷிக்கும் இழை போன்ற இரத்தக் குழாய்களுக்கு 30 என்பதே கழுத்தில் கால் வைத்தது மாதிரி. தூங்கும்போது நாம் மணிக்கட்டை மடக்கிக் கன்னத்தடியில் கொடுத்துக்கொள்கிறோம். படுத்தவுடன் பகலெல்லாம் காலில் தேங்கிய நீரும் உடம்பெங்கும் பரவுகிறது. நரம்பு பட்டினி கிடக்கிறது, விரல் மரத்துப்போகிறது, ஆள் விழித்துக்கொள்கிறாள். உதறும்போது மணிக்கட்டு நேராகிறது, இரத்தம் ஓடுகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவள் செய்தது சரியான முதலுதவி. 'கையை உதறுகிறீர்களா?' என்ற கேள்வியையே மருத்துவர்கள் நோயைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள்.

இது இரவின் கதை. பகலில் என்ன நடக்கிறது?

கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு கப்பியின் மேல் வளைந்து போகும்போதுதான் அதை அழுத்துகிறது. தொடாமல் நேராகப் போனால் கப்பிக்கு வேலையே இல்லை. மணிக்கட்டு நேராக இருந்தால் தசைநாண்கள் வழியின் நடுவே சுவரை அதிகம் உரசாமல் ஓடும். உள்ளங்கைப் பக்கம் மடங்கினால் பட்டையின் மேல் அழுந்தும். பின்னால் சாய்ந்தால் எலும்பின் மேல் அழுந்தும். கப்பி சிறிதாக இருந்தால் கயிறு அழுந்தும் இடமும் குறுகும், அங்கே தேய்மானம் கூடும். மெலிந்த மணிக்கட்டு உள்ளவர்களுக்கு இதனாலேயே இதே வேலை கூடுதலாக வலிக்கலாம்.

இன்னொன்று, விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தினால் தசைநாணில் ஒரு கிலோ இழுவை இருக்கும் என்று தோன்றும். அப்படியில்லை. தசைநாண் எலும்பை ஒட்டி, மூட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுகிறது. விரல் நுனியோ மூட்டிலிருந்து பல சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. நெம்புகோலில் நாம் தப்பான பக்கம் நின்று அழுத்துகிறோம். மணிக்கட்டு அறுவைக்காகத் திறந்து வைத்த கையில், நோயாளி விழித்திருக்கும்போதே, தசைநாணில் சின்ன அளவுமானியை மாட்டிவிட்டு 'விரலால் அழுத்துங்கள்' என்று சொல்லி அளந்திருக்கிறார்கள். நுனியில் கொடுத்த விசையைப் போலச் சராசரியாக மூன்று மடங்குக்கு மேல் தசைநாணில் இருந்தது.

இப்போது கணக்குப் போடலாம். மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்து இரண்டு பேரும் போட்டோம். அவளுடைய சைக்கிள் டைம், அதாவது ஒரு சுற்று வேலைக்கான நேரம், 20 நொடி. அதற்குள் நான்கு கனெக்டர். நிமிடத்துக்குப் பன்னிரண்டு. சாப்பாடு, டீ போக ஏழு மணி நேரம் என்றால் ஒரு ஷிஃப்டுக்கு 5,040 அழுத்தல்கள். ஒவ்வொன்றும் மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 15,120 கிலோ. பதினைந்து டன். மணல் லாரி ஒன்றைக் கட்டைவிரலால் தள்ளிக் காலி செய்கிறாள். வருடத்தில் முந்நூறு நாள் என்றால் பதினைந்து லட்சம் 'டக்'.

"அம்மாகிட்ட சொல்லாதண்ணா, பயந்துடும்" என்றாள்.

ஆனால் மொத்த டன்னை மட்டும் பார்ப்பதும் தவறு. மூட்டை தூக்குகிறவர் தூக்குவார், இறக்குவார், துண்டால் முகம் துடைப்பார், பீடி பற்றவைப்பார். தசைநாணுக்குத் தேவை அந்த இடைவெளிதான். அது இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் மெதுவாகப் பழைய நிலைக்கு வரும். மெதுவாக என்பதைக் கவனிக்க வேண்டும். முழுதாகத் திரும்பும் முன் அடுத்த இழுப்பு வந்தால் மிச்சம் மிச்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். தசையைப் போல அதற்கு இரத்த ஓட்டம் தாராளமாக இல்லை. பழுது பார்க்கவும் நாளாகும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பார்பரா சில்வர்ஸ்டைனும் சகாக்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஆறு தொழிற்சாலைகளில் 574 பேரின் கைகளைப் பரிசோதித்தார்கள். வேலைகளை நான்காகப் பிரித்தார்கள்: விசை அதிகம் அல்லது குறைவு, திரும்பத் திரும்பச் செய்வது அதிகம் அல்லது குறைவு. சைக்கிள் 30 நொடிக்குள் முடிந்தாலோ, சைக்கிளின் பாதிக்கு மேல் ஒரே அசைவு வந்தாலோ அது 'திரும்பத் திரும்பச் செய்வது அதிகம்' என்ற கணக்கில் சேரும். விசை மட்டும் கூடினால் கை, மணிக்கட்டுக் கோளாறு சில மடங்கு கூடியது. திரும்பச் செய்வது மட்டும் கூடினாலும் சில மடங்கு. இரண்டும் சேர்ந்தபோது ஏறத்தாழ 30 மடங்கு. இவை ஒன்றோடொன்று கூட்டிக்கொள்வதில்லை, பெருக்கிக்கொள்கின்றன. 1995இல் மூர், கார்க் என்ற இருவர் கொண்டுவந்த 'ஸ்ட்ரெய்ன் இண்டெக்ஸ்' என்ற அளவுகோலும் ஆறு காரணிகளைப் பெருக்கித்தான் விடை சொல்கிறது. கூட்டு வட்டி போல. இரண்டு காரணிகளைப் பாதியாக்கினால் மொத்தம் காலாகிவிடும் என்பது இதில் உள்ள ஒரே ஆறுதல்.

அப்படிப் பாதியாக்க முடியுமா? நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் வேறு காரணத்துக்காகச் செய்திருக்கிறார். ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் காரின் ஃபிளைவீல் மேக்னெட்டோ என்ற உறுப்பை ஒருவரே முழுதாகச் செய்துவந்தார். ஒன்றுக்குச் சுமார் 20 நிமிடம். 1913இல் அதை 29 வேலைகளாகப் பிரித்து லைனில் விட்டார்கள். 13 நிமிடம் 10 நொடி ஆனது. 1914இல் அந்த லைனை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். 7 நிமிடம்! புது இயந்திரம் இல்லை, புது ஆள் இல்லை, ஒரு சாண் உயரம்தான். ஃபோர்டே தன் சுயசரிதையில் இந்த எண்களைத் தந்திருக்கிறார். அதுவரை ஆட்கள் குனிந்து, தோளை இறக்கி, மணிக்கட்டை வளைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதில் பாதி நேரம் வீணாகிக்கொண்டிருந்தது என்பது மேசையைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது. பிறகு லைனின் வேகத்தையும் மாற்றிப் பார்த்து 5 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

மேசை உயர்ந்ததில் மிச்சமான ஆறு நிமிடம் யாருக்குப் போனது என்பது வேறு கேள்வி. உழைத்தவர்களுக்கு ஓய்வாகப் போகவில்லை. மேக்னெட்டோ எண்ணிக்கைதான் கூடியது. 1913இல் அந்தத் தொழிற்சாலையில் ஆட்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டும் புதிதாகச் சேர்ந்துகொண்டும் இருந்த விகிதம் 370 சதவீதம். நூறு இடத்தை நிரப்பி வைத்திருக்க வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் கூலி அறிவித்ததற்குப் பெரிய மனசு மட்டும் காரணம் இல்லை.

கையின் பக்கம் நின்று இதே கேள்வியைக் கேட்டவர்களில் எனக்குப் பிடித்தவர் எர்வின் டிஷாவர். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஒயர் வேலை செய்பவர்களைப் பார்த்தார். கையில் சாதாரணக் கட்டிங் பிளேயர். பிளேயரின் கைப்பிடி நேராக இருப்பதால் மணிக்கட்டு சுண்டு விரல் பக்கம் ஒடிந்து நிற்க வேண்டியிருந்தது. கைப்பிடியை வளைத்துவிட்டார். வேலைக்குப் புதிதாக வந்தவர்களில் ஒரு கூட்டத்துக்குப் பழைய பிளேயர், இன்னொரு கூட்டத்துக்கு வளைந்த பிளேயர். பன்னிரண்டு வாரத்தில் நேர்ப் பிடி வைத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கையில் கோளாறு. வளைந்த பிடிக்காரர்களில் பத்தில் ஒருவருக்குத்தான். வளைய வேண்டியது கருவி, மணிக்கட்டு அல்ல. நம் அரிவாள்மனையும் கதிர் அரிவாளும் வளைந்திருப்பது எதற்கு என்று நான் யோசித்தது அதைப் படித்த பிறகுதான்.

பிளேயருக்குச் சொன்னது ஸ்க்ரூ டிரைவருக்கும் பொருந்தும். மேசையில் படுத்திருக்கும் பலகையில் மேலிருந்து கீழாகத் திருகு போட வேண்டுமென்றால் பேனா மாதிரி நேரான மின் டிரைவர் சரி. எதிரே நிற்கும் சுவர் போன்ற பரப்பில் போடத் துப்பாக்கிப் பிடி சரி. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் மணிக்கட்டு ஒடியும். ஸ்டோரில் எது இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுப்பதுதான் பல இடங்களில் வழக்கம். அளவு வேறு. அமெரிக்கக் கைக்குச் செய்த பிளேயரின் வாயை விரித்தால் இங்குள்ள பல பெண்களுக்கு விரல் எட்டாது. நுனி விரலால் கவ்வ வேண்டும், அங்கேதான் பலம் குறைவு. இந்திய உடலளவுகளைத் திரட்டி அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தேப்குமார் சக்ரவர்த்தியின் புத்தகத்தை 1997லேயே வெளியிட்டுவிட்டது. அது கொள்முதல் பிரிவின் மேசைக்கு வந்து சேர்வதுதான் தாமதம்.

என்னை அதிகம் வியக்க வைத்தது இவை எதுவும் அல்ல. ஒரு டம்ளரைத் தூக்கும்போது எவ்வளவு இறுக்குகிறோம் என்பது. உள்ளங்கைப் பக்கத் தோலில் தொடுகையை உணரும் நரம்பு முனையங்கள் சுமார் 17,000 இருக்கின்றன. ஸ்வீடனில் உமியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹான்சனும் வெஸ்ட்லிங்கும் 1984இல் காட்டியது இது: பொருள் வழுக்காமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ, அதற்குச் சற்றே மேலாக மட்டும் விரல் இறுக்குகிறது. பட்டுத் துணி என்றால் கூடுதலாக, உப்புத்தாள் என்றால் குறைவாக. இம்மி வழுக்கினால், நாம் உணர்வதற்குள் விரல் இறுக்கத்தைச் சரிசெய்துவிடுகிறது. கையைப் போலக் கஞ்சன் கிடையாது. ஒரு கிராம் வீணாக்காது.

விரல் நுனியை மரத்துப்போகச் செய்தால்? கணக்கு தெரியாமல் போய்விடுகிறது. வழுக்குமோ என்ற பயத்தில் கை தேவைக்கு மேல் இறுக்குகிறது. இப்போது லைனுக்கு வாருங்கள். நரம்பு நசுங்குகிறது, விரல் மந்தமாகிறது. மந்தமான விரல் கனெக்டர் 'டக்' என்று உட்கார்ந்ததா என்று நிச்சயமாகத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது. அழுத்தினால் தசைநாணில் மூன்று மடங்கு, உறை வீக்கம், நரம்பு மேலும் நசுங்கும். கை தன்னையே நெரித்துக்கொள்கிறது. தடிமனான கையுறை போட்டாலும் இதே குருட்டுத்தனம்தான். அந்தப் பொங்கலில் சித்தி மகளின் கையிலிருந்து இரண்டு தடவை சில்வர் டம்ளர் கீழே விழுந்தது. "எங்க பராக்கு?" என்று திட்டு வாங்கினாள்.

இதைக் குழப்புகிற ஒரு உண்மையும் உண்டு. மணிக்கட்டு நரம்பு நசுங்குவது தொழிற்சாலைக்கே உரியது அல்ல. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பகாலம் எல்லாவற்றிலும் வரும். பெண்களுக்கு அதிகம் வரும். அதனால் 'வீட்டு வேலையால் வந்திருக்கும்' என்று சொல்லித் தட்டிக்கழிப்பது எல்லோருக்கும் வசதி. அவள் போய்ப் பார்த்த மருத்துவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மாத்திரையும் தைலமும் எழுதிக் கொடுத்தார். கேட்ட கேள்விகள்: வயது என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா.

1700இல், இத்தாலியின் மோதனா நகரில், பெர்னார்டினோ ராமஸீனி என்ற மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் வழக்கமான கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார். நாள் முழுக்க எழுதும் எழுத்தர்களின் கைவலியை அவர் விவரித்திருக்கிறார். ஓயாமல் ஒரே மாதிரி அசையும் கையே காரணம் என்றும் கண்டிருக்கிறார். இறகுப் பேனாவை விட லேசான கருவி எது?

பொங்கல் முடிந்து போனவள் மாசியில் போன் செய்தாள். கனெக்டரைப் பிடித்திருக்கும் ஜிக் மட்டமாகக் கிடப்பதால்தான் கை வளைகிறது என்று லைனில் மெயின்டனன்ஸ் பார்க்கும் பையனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் ஜிக்குக்கு அடியில் ஒரு மர ஆப்பைச் செருகி அவள் பக்கம் சாய்த்துக் கொடுத்தான். மணிக்கட்டு நேரானது. இரண்டு வாரத்தில் ராத்திரி விழிப்பது குறைந்தது. ஆடிட் வந்தவர்கள் டிராயிங்கில் இல்லாத ஆப்பு ஏன் இருக்கிறது என்று கேட்டு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். வேண்டுமென்றால் கைசன் படிவம், அதாவது வேலையை மேம்படுத்த யோசனை சொல்லும் படிவம், கொடு என்றிருக்கிறார் சூப்பர்வைசர்.

"என்னண்ணா எழுதுறது?"

"கை மரத்துப்போறது நின்னுடுச்சுன்னு எழுது."

"அதுக்குக் கட்டமே இல்லண்ணா. முன்பு, பின்பு, மிச்சமாகும் நேரம், மிச்சமாகும் பணம். அவ்வளவுதான் இருக்கு."

லைன் லீடரிடம் ஸ்டாப்வாட்ச் வாங்கி அளந்திருக்கிறாள். ஆப்பு இல்லாமல் 20 நொடி, ஆப்போடு 19. மிச்சமாகும் நேரம்: ஒரு நொடி. படிவம் ஒரே நாளில் ஒப்புதலாகி வந்துவிட்டது. கைதட்டி ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்தார்கள். ஆப்பு இப்போது டிராயிங்கிலேயே இருக்கிறது.

பத்து நாள் கழித்து, லைன் தலைமாட்டில் தொங்கும் பலகையில் சைக்கிள் டைம் 20 என்றிருந்த இடத்தை அழித்துவிட்டு 19 என்று எழுதினார்களாம்.